வாயிற் காவல்

போர்க்களம் எதனையும் யான் நேரிற் கண்டதில்லை. கோட்டை என்று ஒன்றைக் கண்டதும் பள்ளிச் சுற்றுலாவின்போது செஞ்சியில், அதுவும் வெயிலிற் களைத்துப் படியொன்றில் அமர்ந்தபடியே. அத்தகைய யான் சென்ற கல்வியாண்டில் ஏறக்குறைய நான்கு மாதகாலம் இரவுதோறும் ஒரு கோட்டை வாயிலைக் காத்து நின்றேன் என்றால் நண்பர்கள் நகைப்பர். அவ்வாயிலின் அகலம் என் சுண்டுவிரல் நகத்தளவு. அது இருந்த இடம் என் கைப்பேசியின் கண்ணாடி. ஆயினும் அக்காவலில் யான் கொண்ட நடுக்கம் பொய்யன்று.

டவர் டிஃபென்ஸ் என வழங்கும் இவ்வகை விளையாட்டை அறியாத பெரியோர்க்குச் சிறிது விளக்கல் வேண்டும். களத்தில் ஒரு பாதை இருக்கும். அதன் ஒரு முனையிலிருந்து பகைவர் அலையலையாய்ப் புறப்பட்டு வருவர். மறுமுனையில் நாம் காக்கவேண்டிய வாயில். நாமே வாளேந்திப் பொருதல் இல்லை. கையிலுள்ள பொன்னைக் கொண்டு பாதையோரத்தில் கோபுரங்களை எழுப்புவதொன்றே நம் தொழில். எய்வதும் சுடுவதும் கோபுரங்களின் பாடு. வீழ்கின்ற பகைவன் ஒவ்வொருவனும் சிறிது பொன்னைத் தந்து மடிவான். அப்பொன்னே அடுத்த கோபுரத்திற்கு முதல். இவ்வளவே விளையாட்டு. இதில் என்ன மயக்கம் என்று கேட்போர் ஒருநாள் மாலை ஆடிப் பார்ப்பாராக, அல்லது, பாராதிருப்பாராக!

மதிலை வளைத்தலை உழிஞை என்றும், மதிலைக் காத்தலை நொச்சி என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனியொரு திணையாகவே வைத்துப் பேசும். வகுப்பில் இப்பகுதியை இரண்டு மதிப்பெண் வினாவுக்காக யான் மனப்பாடம் செய்தேனேயன்றி, உழிஞையான் நெஞ்சிற்கும் நொச்சியான் நெஞ்சிற்கும் உள்ள வேறுபாட்டைக் கனவிலும் எண்ணினேனில்லை. வளைப்பவன் தான் விரும்பிய பொழுதில், விரும்பிய இடத்தில் தாக்கலாம். காப்பவனோ காத்திருத்தல் வேண்டும். அவன் செய்யத்தக்கது யாவும் பகைவன் வருமுன்னரே செய்து முடித்ததாய் இருத்தல் வேண்டும். வந்தபின் செய்தது போதுமா போதாதா என்று பார்த்திருத்தலே அவனுக்கு எஞ்சுவது. இவ்வுண்மையை எனக்குக் கற்பித்தது கைப்பேசிதான்.

இவ்விளையாட்டின் வரலாறும் சுவையுடையதே. 1990-ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனத்தார் வெளியிட்ட ராம்பார்ட் என்னும் ஆட்டத்தில், பீரங்கிச் சண்டை ஓய்ந்த சிறுபொழுதிற்குள் இடிந்த மதிலைக் கட்டி முடித்தல் வேண்டும். இதனை இக்குலத்தின் முன்னோர்களுள் ஒன்றென்பர். 2002-இல் வெளிவந்த வார்கிராஃப்ட் 3 என்னும் போர் விளையாட்டோடு புதுக்களங்களை வரையும் கருவியொன்றும் தரப்பட்டமையின், ஆடுவோரே கோபுரக் களங்கள் பலவற்றைத் தாமாக ஆக்கித் தம்முள் பரிமாறிக்கொண்டனர். 2007-இல் டேவிட் ஸ்காட் என்பவர் ஒன்றும், பால் பிரீஸ் என்பவர் ஒன்றுமாகக் கணினி உலாவியிலேயே ஆடத்தக்க இருவிளையாட்டுகளை வெளியிட்டனர். பிரீஸ் ஆக்கியது டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ். அதன் களம் ஓர் அலுவலக மேசையின் மேற்பரப்பு! அதில் வகுத்த பாதையென்று ஒன்றில்லை. நாம் வைக்கும் கோபுரங்களே சுவராய் நின்று பகைவரைச் சுற்றிச் சுற்றி நடக்கவைக்கும். அலுவலக மேசைமுன் அமர்ந்து அலுவலை மறந்தோர் எத்துணைப் பேரோ, யாரறிவார்! இவை ஓடிய ஃபிளாஷ் என்னும் மென்பொருளுக்கு 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு அதன் உரிமையாளர் ஆதரவை நிறுத்திவிட்டனர்.

என்னைப் பிணித்தது கிங்டம் ரஷ் என்பது. தென்னமெரிக்காவில் உருகுவே நாட்டைச் சார்ந்த அயர்ன்ஹைட் என்னும் சிறு நிறுவனத்தார் 2011-இல் வெளியிட்டது. அதில் கோபுரம் நால்வகை: வில்லாளர் கோபுரம், வீரர் பாசறை, மந்திரவாதியின் மாடம், பீரங்கி மேடை. முதல் இரண்டிற்கும் விலை 70 பொன், மந்திரவாதிக்கு 100, பீரங்கிக்கு 125. கவசம் பூண்டு வருவோரை மந்திரமே துளைக்கும். கூட்டமாய் வருவோர்க்குப் பீரங்கி. பறந்து வரும் பூதங்களையோ பாசறை வீரர் தடுக்கவும் மாட்டார், பீரங்கி சுடவும் மாட்டாது. அம்பும் மந்திரமுமே கதி. எல்லாவற்றிற்கும் போதிய பொன் ஒருபோதும் இராது. தொடக்கத்தில் 20 உயிர் நமக்குத் தரப்படும். வாயிலைக் கடப்போர் அதனைக் குறைப்பர். களம் முடிகையில் 18 உயிரேனும் எஞ்சியிருந்தால்தான் மூன்று விண்மீன். இவையன்றி, இடுக்கண் நேரும்போது நாம் விரலால் தொட்ட இடத்தில் இரண்டு உழவர் தோன்றி வழிமறிப்பர். அவர்க்குப் பொன் கொடுக்கவேண்டுவதில்லை. சிறிதுநேரம் நின்று பொருது மடிவர், அல்லது மறைவர். சிறிதுநேரத்தில் மீண்டும் இருவரை அழைக்கலாம்.

இனி அந்த நடுக்கத்தைச் சொல்லுகின்றேன். பொன்னையெல்லாம் செலவிட்டுக் கோபுரங்களை நிறுவியாயிற்று. பாதையின் தலைமாட்டில் மண்டையோட்டுக் குறி தோன்றிச் சுழல்கிறது. இதோ வருகின்றனர். முதல் வளைவில் பாதி வீழ்ந்தனர். இரண்டாம் வளைவில் மேலும் சிலர். ஒருவன் மட்டும், பருத்த உடலினன், அம்புகள் தைக்கத் தைக்க நடந்துகொண்டே இருக்கிறான். அவன் தலைமேலுள்ள உயிர்க்கோடு நூலாய் இளைக்கிறது. அவனுக்கும் வாயிலுக்கும் இடைப்பட்ட வழியும் இளைக்கிறது. என் கைகள் சும்மா இருக்கின்றன. 'எய்யுங்கள், எய்யுங்கள்' என்று வாய்விட்டுச் சொன்னதை அறைத்தோழர் இருமுறை கேட்டிருக்கிறார். வாயிலுக்கு ஒரு விரற்கடை முன்னே அவன் வீழ்ந்தால் வரும் மூச்சு இருக்கிறதே, அதற்கு நிகரான மகிழ்ச்சியை எத்தேர்வின் முடிவிலும் யான் பெற்றதில்லை.

வேதபாட வகுப்பில் நெகேமியாவின் வரலாற்றைப் படித்துள்ளோம். எருசலேமின் அலங்கத்தைக் கட்டியவர்கள் ஒருகையால் வேலை செய்து, மறுகையில் ஆயுதம் பிடித்திருந்தனர். 52 நாளில் அலங்கம் முடிந்தது. அவ்விடத்தை வாசிக்கையில் முன்பெல்லாம் அவர்களுடைய ஊக்கத்தை வியந்தேன். இப்பொழுது எனக்குத் தோன்றுவது வேறு. அவர்களுக்கு இருகையிலும் வேலை இருந்தது; அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

தோற்றால் விட்டொழிக்கலாமே எனின், அங்கேதான் பிணிப்பு இருக்கிறது. படுதோல்வி எவரையும் பிணிப்பதில்லை. ஒரே உயிரால் தோற்ற தோல்வியே தூங்கவிடாது. 'இரண்டாம் வளைவில் பாசறைக்குப் பதிலாக மந்திரவாதியை வைத்திருந்தால்' என்று படுத்தபின்னும் மனம் கட்டிக்கொண்டே இருக்கும். முடித்த வேலையினும் முடிக்காமல் இடையில் விட்ட வேலையே நினைவில் மிகுதியும் நிற்கிறது எனத் தம் ஆய்விற் கண்டதாகப் புளூமா சைகார்னிக் என்னும் உளநூல் அறிஞர் 1927-இல் எழுதினார். உளவியல் மாணவராகிய என் அறைத்தோழர் எடுத்துக்கூறியது இது. என் வரையில் அது முழுதும் மெய். அன்றியும், மறுமுறை அக்களத்துட் புகுந்தால் அதே பகைவர், அதே வரிசையில், அதே வழியில் வருவர். சென்ற முறை எங்கே பிழைத்தோமோ அங்கே இம்முறை திருத்தலாம். இது சிறிய சலுகையன்று. இதற்காகவே யான் மீண்டும் மீண்டும் சென்றேன் என்று இப்பொழுது எண்ணுகின்றேன்.

கார்த்திகைத் திங்களின் ஓரிரவு. ஆலய மணி ஏழு அடித்து ஓய்ந்தது. ஒன்பது முறை தோற்ற ஒரு களத்தின் இறுதி அலை வந்துகொண்டிருந்தது. எனக்கு 18 உயிர் எஞ்சியிருந்தது. அவ்வேளையில் கண்ணாடியின் மேல்விளிம்பில் 'அப்பா' என்று எழுத்துத் தோன்றிற்று. வாரத்தில் இருமுறை அழைப்பவர்தாம். பிறகு பேசலாம் என்று அதனை விரலால் ஒதுக்கினேன். சிறிது பொறுத்து மீண்டும் தோன்றிற்று. மீண்டும் ஒதுக்கினேன். அவர் மூன்றாம் முறை அழைக்கவில்லை. களம் முடிந்தது; மூன்று விண்மீனும் கிடைத்தன. அடுத்த களம் திறந்தது. அழைப்பை மறந்தேன்.

மறுநாட் காலை விடுதிக் காவலர் ஒரு துணிப்பையைத் தந்தார். அதனுள் அம்மா சுட்ட முறுக்கும், ஒருசீப்பு வாழைப்பழமும், பருவக் கட்டணத்திற்கான பணம் வைத்து ஒட்டிய உறையும் இருந்தன. உரம் வாங்க நகரத்திற்கு வந்த என் தந்தையார் திரும்பும் வழியில் விடுதி வாயிலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். ஆள் அனுப்பட்டுமா என்று காவலர் கேட்டதற்கு வேண்டா என்று கூறிவிட்டுக் கடைசிப் பேருந்திற்குப் போய்விட்டார். எங்கள் ஊர் மேற்குமலை அடிவாரத்தில் உள்ளது. மக்காச்சோளம் கதிர்விட்டிருந்த காலம்; இரவிற் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தாக வேண்டும். யான் அழைத்துப் பேசியபோது அவர் சொன்னது இது: "படித்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன், தம்பி. கலைக்க மனம் வரவில்லை."

அதற்கு யான் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. 'ஆம்' என்று சொல்லாமல் விட்டதே அன்று யான் செய்த ஒரே நேர்மை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். இரண்டாம் நாள் மாலை, திண்ணையில் இருந்த அவரிடம், அன்று யான் படித்துக்கொண்டிருக்கவில்லை என்று சொன்னேன். சினப்பார் என எதிர்பார்த்தேன், சினந்திருந்தால் எளிதாயிருக்கும். அவர் வெற்றிலையை மடித்து முடித்துவிட்டு, "அதைக் காட்டு, பார்ப்போம்" என்றார். அருகில் அமர்ந்து ஒரு களத்தை ஆடிக் காட்டினேன். கூர்ந்து பார்த்தார்.

"இடையில் வருகிற இவ்விருவர் யார்?"

"உழவர்கள், அப்பா. ஆபத்தில் அழைத்தால் வருவார்கள்."

"கூலி என்ன?"

"கூலி இல்லை."

"சாப்பாடாவது உண்டா?"

நாம் ஈட்டிய விண்மீன்களிற் சிலவற்றைச் செலவிட்டால் அவர்கள் 'நன்கு உண்ட உழவர்' ஆவர் என்னும் ஏற்பாடு அவ்விளையாட்டில் உண்மையாகவே இருக்கிறது. அதனைச் சொன்னேன். தந்தையார் நெடுநேரம் நகைத்தார்; உள்ளே இருந்த அம்மாவையும் அழைத்துச் சொல்லி நகைத்தார். பிறகு மீண்டும் கண்ணாடியைப் பார்த்து, "இவர்கள் ஏன் பாதையை விட்டு விலகுவதே இல்லை?" என்று வினவினார். இத்தனை மாதங்களில் அவ்வினா எனக்கு ஒருமுறையேனும் தோன்றியதில்லை. "விளையாட்டின் விதி அது" என்றேன். "பன்றி அப்படி வருவதில்லையே" என்றார். "வேலியாகச் சேலை கட்டினால் நாலு நாள் அஞ்சும். ஐந்தாம் நாள் சேலைக்கடியில் நுழையும். நேற்று வந்த பக்கம் நாம் உட்கார்ந்திருந்தால் இன்று அந்தப் பக்கம் வராது."

இரவு உண்டபின் அவர் விளக்கையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். யானும் உடன் சென்றேன். சோளக்காட்டின் நடுவே நான்கு கால் நட்டுக் கட்டிய பரண் அது; இருவர் அமர இடம் போதாது. ஆதலால் அவர் ஏணியின் மேற்படியில் இருந்தார். பனி இறங்கிற்று. தாள் அசையுந்தோறும் யான் விளக்கை அடித்தேன். "காற்று" என்று அவர் சொன்னார். நாற்புறமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்தது. நள்ளிரவுக்குப்பின் அவர் ஒருமுறை தகரத்தைத் தட்டினார். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான். நாம் விழித்திருக்கிறோம் என்று தெரியட்டும்" என்றார். விடியும்வரை பன்றி ஒன்றும் வரவில்லை.