அலையைக் கேட்டவர்கள் வீட்டைக் கேட்கவில்லை

பூம்புகார் மீனவத் தெருக்களில் முப்பதைத் தாண்டிய யாரிடமும் சின்ன வயதைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-க்குத்தான் வந்து நிற்கும். அன்று காலை எங்கே இருந்தார்கள், யார் கையைப் பிடித்து ஓடினார்கள், யார் திரும்பவில்லை என்று தயங்காமல் சொல்வார்கள். அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பத்திரிகைக்காரர்கள், தொண்டர்கள், ஆய்வாளர்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிய துயரம் அது.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலி. பிரஷர் பார்ப்பது, சுகர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, மாத்திரையை நிறுத்தியவரைத் தேடிப் பிடிப்பது ஆகியவையே என் வேலை. இந்தக் கடைசி வேலைதான் என்னை வேறொரு கேள்விக்குக் கொண்டுபோனது. நல்ல உடற்கட்டுள்ள, வலை இழுக்கிற மனிதருக்கு முப்பதைத் தாண்டியதுமே பிரஷர் எகிறுகிறது. மாத்திரையை ஒரு மாதம் சாப்பிடுகிறார், மறுமாதம் விட்டுவிடுகிறார். குடி நிற்கவில்லை, தூக்கமும் இல்லை. உப்பைக் குறையுங்கள் என்று நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான்.

அப்படி ஒருவரிடம், சுனாமியை நினைத்துத்தான் தூக்கம் போகிறதா என்று கேட்டேன். “அலை அன்னிக்கு ஒரு நாள்தான் சிஸ்டர் வந்துச்சு. எங்கப்பா தெனம் வந்தாரு” என்றார். படகு போன பிறகு அப்பா குடிக்க ஆரம்பித்தாராம். தற்காலிகக் குடியிருப்பில் தடுப்புத் தகரத்துக்கு இந்தப் பக்கம் அடி விழுந்தால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்குமாம். யாரும் வந்து கேட்டதில்லை.

இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. போரையும் சுனாமியையும் கண்ட பிள்ளைகள் அவர்கள். ஆய்வாளர்கள் அலையோடும் குண்டோடும் நிற்காமல் வீட்டையும் கேட்டார்கள். வீட்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமையைச் சந்திக்காத பிள்ளை நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. அப்பாவின் குடியும் போர் அனுபவமும் பிள்ளை வாங்கும் அடியோடு சேர்ந்தே வந்தன. துன்பங்களின் வகை கூடக்கூட, மனக்காயத்தின் அளவும் கூடியது. ஊருக்கு வந்த பேரிடர் வீட்டுக்குள்ளும் புகுந்து தங்கிவிடுகிறது என்பதை அதற்கு முன்பே நம் கரை பார்த்திருந்தது. பார்த்ததை எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

சிறுவயதுத் துன்பம் பின்னாளில் உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயும் துறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் சான் டியேகோவில் உடல் எடைக் குறைப்பு மருத்துவமனை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி. 1980-களின் நடுவில் அவருக்கு ஒரு புதிர். எடை நன்றாகக் குறைந்துவரும்போதே பலர் சிகிச்சையை விட்டுவிட்டுப் போனார்கள். காரணம் தேடி ஒவ்வொருவரிடமும் பேசினார். முதல் உடலுறவு எந்த வயதில் என்று கேட்க வேண்டிய இடத்தில் நாக்குப் புரண்டு, அப்போது எடை எவ்வளவு என்று ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டார். நாற்பது பவுண்டு என்றாள் அவள். அதாவது சுமார் 18 கிலோ. செய்தவர் அவளுடைய அப்பா. அதன் பிறகு கேட்கக் கேட்க, மற்றவர்களிடமிருந்தும் இதே போன்ற கதைகள் வந்தன.

ஃபெலிட்டியும் ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவும் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விரிவாகக் கேட்டார்கள்; அவர்களில் 9,500-க்கும் மேற்பட்டவர்களின் பதில்களிலிருந்து கிடைத்த முதல் முடிவுகளை 1998-இல் வெளியிட்டார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடிநோயாளி உட்பட ஏழு வகைகளை எடுத்துக்கொண்டார்கள். நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதுவும் அனுபவிக்காதவர்களைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு இருந்தது. இதய நோய், ஈரல் நோய், நுரையீரல் நோய், புற்றுநோயும் வகைகளின் எண்ணிக்கையோடு படிப்படியாக ஏறின. அவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். வறுமையைக் காரணம் காட்டி ஒதுக்கிவிட முடியாது.

சிறுவயதுக் கொடுமை உடம்பில் இரண்டு வழியில் வேலை செய்கிறது. பயந்த பிள்ளையின் உடம்பில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கின்றன. ஆபத்து நீங்கினால் தணிகின்றன. தினமும் ஆபத்து என்றால் தணிய நேரமே இல்லை. நியூசிலாந்தின் டுனெடினில் பிறந்ததிலிருந்து பின்தொடரப்பட்டவர்களில், சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 32 வயதில் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடுதலாக இருந்ததை 2007-இல் கண்டார்கள். இன்னொரு வழி எங்கள் மேசைக்கு நேராகவே வந்து நிற்கிறது. வலியை அடக்கக் கையில் கிடைத்த மருந்துதான் பீடியும் சாராயமும்.

எனவே கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதுதான் தொழில்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு பிரஷரும் சுகரும் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கப்படுகின்றன. மாத்திரைக்கு அது மிக நல்ல இடம். இந்தக் கேள்விக்கு ஆகாத இடம். பக்கத்தில் மாமியார் நிற்பார், வாசலில் கொழுந்தன் உட்கார்ந்திருப்பார். நான் நிலையத்தில், கதவைச் சாத்தக்கூடிய அறையில்தான் கேட்கிறேன். அதுவும் முதல் வருகையில் கேட்பதில்லை. பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது, பேசினால் அளவு ஏறும். பட்டையைக் கழற்றி, எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் பேச்சு.

கொடுமைப்படுத்தினார்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவருக்கு அடி என்பது வளர்ப்பு. ஆகவே தீர்ப்பைக் கேட்காமல் நடந்ததைக் கேட்கிறேன். எதால் அடிப்பார்? தழும்பு இருக்கிறதா? ராத்திரி பயந்து வேறு வீட்டில் போய்ப் படுத்ததுண்டா? அம்மாவை அடிக்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? உலகச் சுகாதார நிறுவனத்தின் சிறுவயதுத் துன்பக் கேள்வித்தாளும் இப்படிச் செயலைத்தான் கேட்கிறது. பாலியல் கொடுமைக்கு என் கேள்வி ஒன்றே ஒன்று. அதன் பிறகு விவரம் கேட்பதில்லை. சொல்ல வேண்டிய அளவை அவரே முடிவு செய்ய வேண்டும்.

கடற்கரையை விட்டு மேற்கே நெல்வயல் ஊர்களுக்குப் போனால் கதை மாறும். அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக் கிடை போடுவார்கள். முன்பணம் வாங்கிய குடும்பம் தன் பையனை அந்த ஆடுகளோடு அனுப்பிவிடும். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகும் தஞ்சாவூர்ப் பக்கம் இப்படி விடப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்டார்கள். கிடையில் வளர்ந்த ஒரு பெரியவரிடம் வீட்டில் அடித்தார்களா என்று கேட்டால் என்ன சொல்வார்? அவருக்கு வீடே இல்லை. ராத்திரி எங்கே படுத்தீர்கள், யார் சோறு போட்டார்கள் என்பதே அவருக்குரிய கேள்வி.

இல்லை என்ற பதிலையும் மதிக்க வேண்டும். பிள்ளைப் பருவத்திலேயே கொடுமை பதிவு செய்யப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெரியவர்களான பிறகு அதைச் சொல்வதில்லை என்று 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சொன்னவரையும் எண்ணாக்கிவிடக் கூடாது. துன்ப வகைகளை எண்ணிப் போடும் மதிப்பெண் கூட்டத்தின் அபாயத்தைத்தான் காட்டும்; எதிரே உட்கார்ந்திருப்பவரின் தலையெழுத்து ஆகாது. ஆண்டாவே 2020-இல் இதை எச்சரித்தார். ஆறுதலாக இருந்த ஒரு பாட்டியோ ஒரு வாத்தியாரோ பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதனால் யார் உங்களைப் பார்த்துக்கொண்டார்கள் என்றும் கட்டாயம் கேட்கிறேன். முகம் தெளிவது அந்த இடத்தில்தான்.

கேட்பதற்கு முன்பே தயாராக வேண்டியவை உண்டு. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், குடிநோய்ச் சிகிச்சை எங்கே கிடைக்கும், மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழில் பேசலாம் என்பதெல்லாம் கையில் இருக்க வேண்டும். எதிரே இருப்பது பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012-இன் போக்சோ சட்டப்படி பாலியல் கொடுமை தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும், அதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெரியவர்களிடம் கடைசியாக ஒரு கேள்வி: இப்போது உங்கள் வீட்டில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? நான் செய்வதிலேயே பெரிய வைத்தியம் இதுதான் என்று நம்புகிறேன். அப்பாவின் அடியைப் பற்றிப் பேசிய மனிதர் தன் கையைப் பற்றியும் பேசத் தொடங்குகிறார். அவருடைய குடிக்கு இன்று சிகிச்சை கிடைத்தால், அவர் மகனுக்கு முப்பது வயதில் வர இருக்கும் பிரஷரின் ஒரு காரணம் இன்றே குறைகிறது. வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்குப் பிரஷர் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். குடியால் நொந்த வீட்டை அடையாளம் கண்டு, அங்குள்ளவரை நிலையத்துக்கு அழைத்துவரவும் கற்றுக்கொடுக்க வேண்டும். கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும்.