லிஸ்பனில் என் மகள் சாப்பிடும் கடை

பெண்ணையோ பிள்ளையையோ வெளியூருக்குப் படிக்க அனுப்பிவிட்டு, “இந்நேரம் சாப்பிட்டிருக்குமோ, என்னவோ” என்று அடுப்படியில் நின்று தவிக்கும் தாய்மார்களே, இது உங்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மூத்த மகள் போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் மேல்படிப்பு படிக்கிறாள். போன ஆறே மாதத்தில் கழுத்தெலும்பு தெரிய இளைத்துவிட்டாள். செல்போனில் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிற்றைப் பிசையும். ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாளாம். ரத்தசோகை என்று டாக்டர் சொல்லிவிட்டார். “படிச்சது போதும், கையோட கூட்டிட்டு வந்துரு” என்றார்கள் என் மாமியார். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பருப்புப் பொடி, வடகம், எங்கள் ஊர் மக்ரூன் சகிதம் என்னை மட்டும் விமானம் ஏற்றிவிட்டார். எனக்கும் மனதில் ஒரே எண்ணம்தான், திரும்பும்போது அவளும் என்னோடு வர வேண்டும்.

லிஸ்பன் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். மகள் இருக்கும் காம்ப்போ தே ஓரிக் பகுதி மட்டும் சமதளமாக, நேர் நேரான தெருக்களோடு இருக்கிறது. 28ஆம் நம்பர் டிராம் அங்கே போய்த்தான் நிற்கும். ஐந்து பெண்களுக்கு ஒரே அடுப்பு. இவள் எட்டு மணிக்கு வந்து எங்கே சமைப்பது?

“கீழே ஒரு கடை இருக்கும்மா. வாரத்துல மூணு நாள் அங்கதான். வா, போவோம்” என்றாள்.

“ஏட்டி, ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டா உடம்பு எப்படித் தேறும்?” என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினேன்.

சின்னக் கடை. இருபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். முன்பு பீப்பாயிலிருந்து ஒயின் ஊற்றிக் கொடுக்கும் பழைய கடையாக இருந்ததாம். இப்போது ஒரு வாலிபர் எடுத்துப் புதுமையாக நடத்துகிறார். சுவரில் பழைய நீலப் பூ ஓடுகளை அப்படியே விட்டுவிட்டு, அடுப்படியை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார். அன்றைய பலகாரமெல்லாம் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது. அவர் சமைக்க, அவருடைய அம்மா பரிமாறுகிறார். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும்.

நான் மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மகள் சிரித்தாள். “பயப்படாதம்மா, உனக்கு இவங்க பாஷை பாதி தெரியும். மேஜையை இவங்க மேசாங்கிறாங்க. ஜன்னல்னா ஜனேலா, சாவின்னா ஷாவ், அலமாரின்னா அர்மாரியோ!” 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் முத்துக் குளிக்கும் நம் கடற்கரைக்கு வந்தார்களே, அவர்கள் விட்டுப்போன வார்த்தைகள்தாம் இவை. மிளகாயும் முந்திரியும்கூட அவர்கள் கப்பலில் வந்து சேர்ந்தவைதான். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

உட்கார்ந்ததுமே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய் கொண்டு வைத்தார்கள். இனாம் என்று நினைத்துவிடாதீர்கள்! தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

முதலில் வந்தது பீன்ஸ் பஜ்ஜி! முழு பீன்ஸை வேகவைத்து, மைதாவும் முட்டையும் கரைத்த மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். ‘தோட்டத்து மீன்குஞ்சுகள்’ என்று அதற்கு அழகான பெயர். காய் தின்ன அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கு இப்படிச் செய்து, அந்தப் பெயரைச் சொல்லியே கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து ‘பக்கல்யாவ்’ என்ற உப்புக் கருவாடு. நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் குளிர்ந்த கடலில் பிடிபடும் மீன் அது. ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்குகிறார்கள். பிறகு உதிர்த்து, வெங்காயம், தீக்குச்சி போல நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் சேர்த்துக் கிளறுகிறார்கள். காரம்தான் இல்லை. மற்றபடி தூத்துக்குடிக்காரி குறை சொல்ல ஒன்றுமில்லை.

மகளுக்கு மட்டும், கேட்காமலே ஒரு பெரிய கிண்ணம் சூப் வந்தது. உருளைக்கிழங்கை மசித்து, கரும்பச்சைக் கீரையை நூல் நூலாக அரிந்து போட்டு, ஆலிவ் எண்ணெய் விட்ட ‘கால்தோ வேர்தே’. மேலே ஒரு வில்லை பன்றி இறைச்சி போடுவது அவர்கள் வழக்கம். இவள் தின்னமாட்டாள் என்று தெரிந்து அதைப் போடவில்லை. பாதியில் இவள் கரண்டியை வைத்தாள். அந்த அம்மாள் விடுவிடென்று வந்து, கிண்ணத்தைக் காட்டி ஏதோ அதட்டினார்.

“என்ன சொல்றாங்க?”

“முழுசும் குடிக்காம எந்திரிக்கக் கூடாதாம்.”

சாப்பாடு முடிந்ததும் சுற்றியிருந்த எல்லோருக்கும் காபி போயிற்று. இவளுக்கு மட்டும் ஆரஞ்சுச் சுளை! “சாப்பிட்ட உடனே காபி, டீ குடிச்சா கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்புல சரியா சேராது, ஆரஞ்சு மாதிரி பழம் சாப்பிட்டா நல்லா சேரும்னு டாக்டர் சொன்னதை இவங்ககிட்டே சொல்லிட்டேன். அன்னையிலிருந்து எனக்குக் காபியே கிடையாது” என்றாள் மகள்.

அம்மாடி! ஆறாயிரம் மைலுக்கு அப்பால் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, பாஷை தெரியாத ஒருத்தி என் பெண்ணின் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஒப்ரிகாதா” என்றேன். பெண்கள் நன்றி சொல்லும் வார்த்தை அது. அதுவும் சற்றுமுன் மகள் சொல்லித் தந்ததுதான். அந்த அம்மாள் என் தோளைத் தட்டிவிட்டு, மகளை “மெனினா, மெனினா” என்று காட்டினார். குழந்தை என்று அர்த்தமாம்.

மறுநாள் மக்ரூன் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான் என்று மகள் விளக்கினாள். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஊர் இனிப்புகளில் பெரும்பாலும் மஞ்சள்கருதானாம்! உள்ளே போய் மஞ்சள்கருப் பாகில் செய்த இனிப்பு ஒன்றைத் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று ராத்திரி இவருக்குப் போன் செய்தேன். “அவ படிப்பை முடிக்கட்டும்ங்க. அத்தைகிட்டே நான் சொல்லிக்கிறேன்” என்றேன். போகும்போதிருந்த பாரம் வரும்போது இல்லை.

எங்கள் மாடியில் வெளிமாநிலத்து நர்ஸ் பெண் ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டதில்லை. இப்போது முருங்கைக்கீரை பொரியல் செய்யும் நாளெல்லாம் ஒரு கிண்ணம் மாடிக்குப் போகிறது. காலிக் கிண்ணம் கீழே வந்தால்தான் எனக்குத் திருப்தி.