சாமியிடம் பேரம்

முதலியார்பேட்டைக்காரர்களுக்கு ரோடியர் மில் என்றால்தான் புரியும். ஏ.எஃப்.டி. என்பது பேப்பரில் எழுதுகிற பெயர். 1898-ல் தொடங்கிய அந்த மில், 2020-ல் ஒரேயடியாக மூடப்பட்டுவிட்டது. அப்பா அங்கே தறி ஓட்டியவர். மில் மூடியபோதுகூட அழாத மனுஷன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஐ.சி.யூ.வில் கிடந்தார். நான் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில்.

நான் பி.காம். எதையும் பற்று, வரவு என்று பார்த்தே பழகிய புத்தி. ஜெபமும் அப்படித்தான் வந்தது. ‘ஆண்டவரே, அப்பாவைத் திருப்பிக் குடுங்க. வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்.’ மறுநாள் கிரியாட்டினின் ஏறியது. ‘சிகரெட்டையும் விட்டுடறேன்.’ மூன்றாம் நாள் வென்டிலேட்டர். ‘அநாதை இல்லத்துக்கு வருஷா வருஷம் அரிசி...’ ஏலத்தொகையை ஏற்றிக்கொண்டே போனேன். அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் மட்டும், “எல்லாம் அவர் சித்தம்” என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிவைத்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தது. மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய அக்கா. “என்னடா வேண்டிக்கிட்ட?” என்றது. சொன்னேன்.

“யாவாரத்துல நான் பேசுறத ஆண்டவர்கிட்ட நீ பேசுறியா? பயமா இருக்குன்னு சொன்னியா அவர்கிட்ட?”

சொல்லவில்லை.

“ஏசுவே சொன்னாருடா. நீ என்ன பெரிய ஆளு?”

வாஸ்தவம்தான். சிலுவைக்கு முந்தின ராத்திரி, கெத்சமனி தோட்டத்தில், இந்தப் பாத்திரம் தன்னை விட்டு நீங்கட்டும் என்றுதான் முதலில் கேட்டார். உம் சித்தப்படி என்றது அதற்குப் பிறகு. நாம் என்ன செய்கிறோம்? முதல் பாதியை விழுங்கிவிட்டு, இரண்டாவது பாதியை மட்டும் ஒப்பிக்கிறோம்.

அன்று ராத்திரி ஐடா ஸ்கடர் ஞாபகம் வந்தார். எப்போதோ ஒரு கட்டுரைக்காகப் படித்தது. நம்ம பக்கத்துத் திண்டிவனத்தில் நடந்த கதை. 1890-ல், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்தவர். அப்பா மிஷன் டாக்டர். மகளுக்கோ இந்தியாவில் தங்கவே இஷ்டமில்லை. ஒருநாள் ராத்திரி, மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்க வாங்க என்றார்கள். மருத்துவம் படிக்காத பெண் என்ன செய்வார்? தூங்காமல் ஜெபம் செய்தார். இந்தியா வேண்டாம் என்ற மனசோடேயேதான். விடிந்தபோது மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள்.

அதன்பிறகுதான் பணிந்தார். அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கி, மறுவருஷமே திரும்பி வந்தார். இன்றைக்கு வேலூர் சி.எம்.சி. என்று நாம் சொல்கிறோமே, அது அவர் ஆரம்பித்ததுதான்.

விடியற்காலை இருதய ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். ஊதுபத்தி, மெழுகுவத்தி ஒன்றும் வாங்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மனசில் இருந்ததைக் கொட்டினேன். ‘உங்க மேல கோவமா இருக்கு. பயமா இருக்கு. அவரை விட மனசில்லை. ஆனா என் கையில ஒண்ணும் இல்ல. நீங்க பாத்துக்குங்க.’

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு நாளாக ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து ஊரில் உள்ள டாக்டருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தவன், செல்போனை அணைத்தேன். சிஸ்டரிடம் கெஞ்சி உள்ளே போய், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இழை கோத்துக் காய்த்துப்போன விரல்கள். அந்தக் கையைக் கடைசியாக எப்போது பிடித்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். அழுதேன். ஏமாந்த மாதிரி மட்டும் இல்லை.

பேரப்படி பார்த்தால், நான் வேளாங்கண்ணிக்கு நடக்க வேண்டியதில்லை. சரக்கு வரவில்லை, பணம் தர வேண்டாம்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு நடந்தேன். அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை.