பெல்ட்டும் பதக்கமும்

டேக்வாண்டோ 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. 2024 பாரிஸ் வரை 7 ஒலிம்பிக்குகள் முடிந்துவிட்டன. ஒன்றில்கூட இந்தியர் யாரும் களமிறங்கவில்லை.

பெங்களூரில் மாலை நேரத்தில் வெள்ளைச் சீருடையில் உதை பழகும் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். அல்சூரில் கற்கும் என் 14 வயது மகள் சிவப்பு பெல்ட். "கறுப்பு பெல்ட் வாங்கிட்டா ஒலிம்பிக் போகலாமாப்பா?" என்று கேட்டாள்.

பெல்ட் வேறு, போட்டி வேறு. பெல்ட்டுக்குத் தேர்வும் கட்டணமும் போதும் (கட்டணம் ஒருபோதும் குறைவதில்லை). ஒலிம்பிக்கில் ஓர் எடைப் பிரிவுக்கு உலகம் முழுவதிலிருந்தும் 16 பேர்தான். பாரிஸுக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் பிரிவுக்கு 2 இடம். ஆசியா என்றால் கொரியா, ஈரான், சீனா, தாய்லாந்து!

ஆனாலும் போரில் நொந்த ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கம், 2008ல் ரோஹுல்லா நிக்பாய் இதில் வென்ற வெண்கலம்தான். நம் ஹரியானாவின் அருணா தன்வர், கைகளில் பிறவிக் குறையுடன், 2021ல் டோக்கியோ பாராலிம்பிக்கில் ஆடினார். டேக்வாண்டோவில் அங்கு சென்ற முதல் இந்தியர் அவரே. பதக்கம் கிடைக்கவில்லை. பாரிஸுக்கும் போனார்.

இந்த இரு பெயர்களையும் மகளிடம் சொன்னேன். கறுப்பு பெல்ட் தேர்வுக்கு எடுத்துவைத்த பணத்தில் வெளியூர்ப் போட்டிக்கு ரயில் டிக்கெட் போடச் சொல்கிறாள். மனைவிக்கு இன்னும் சம்மதமில்லை.