தாஜ்மகாலில் புளிக்குழம்பு

மாட்டுத்தாவணியில் நாங்கள் போன கடைக்காரர், “சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள் போடுங்க சார், தாஜ்மகால் மாதிரி இருக்கும்” என்றார். தாஜ்மகாலில் யார் சார் புளிக்குழம்பு வைக்கிறார்கள்? மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல். புளி, எலுமிச்சை பட்டால் பளபளப்பு போச்சு! கிரானைட் அதற்கெல்லாம் அசராது. (மேலூர் கிரானைட் 2012-ல் பேப்பர் முழுக்க நாறியது வேறு கதை!)

பாத்ரூமுக்கும் கண்ணாடி மாதிரி டைல்ஸ்தான் காட்டினார். அம்மாவுக்கு 72 வயசு. ஏற்கெனவே வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்திருக்கிறது. “தண்ணி ஊத்துங்க தம்பி” என்று செருப்பைக் கழற்றினாள். என் தோளைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்துவிட்டு, சொரசொரப்பான ஒன்றில் வந்ததும் கையை எடுத்தாள்.

“ஆசிட் ஊத்திக் கழுவலாமா?”

“வேண்டாம்மா, இடுக்குல இருக்கிற சிமென்ட்டை அரிச்சிரும். சோப்புத் தண்ணி போதும்.”

“அப்ப இதையே போடுறா.”

விலையும் குறைச்சல். பி.காம். மூளை உடனே தலையாட்டியது.