காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

ஆதம்பாக்கத்தில், பரங்கிமலை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தெரு ஒன்றில் இருக்கிறது அந்த ஷெட். புது மாடல்கள் கம்பெனி சர்வீசுக்குப் போய்விடுவதால் இங்கே வருபவை பெரும்பாலும் வயதான வண்டிகள். நான் போன அன்று நடுவில் நின்றது வெள்ளை நிற மாருதி 800. ஓட்டி வந்தவர் நங்கநல்லூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பப்போகிறார். பிரேக் பெடலோ சில நாளாக மெத்தென்று உள்ளே போகிறது.

“டப்பால ஆயில் ஃபுல்லா இருக்கேப்பா, நானே பாத்தேன்” என்றார் ஆசிரியர்.

“லெவல் இருக்கு சார். பழசு மேலயே புதுசு ஊத்தி ஊத்தி வெச்சிருக்காங்க. அடியில கெடக்கிறது எந்தக் காலத்து ஆயிலோ?” என்றார் மெக்கானிக்.

எஞ்சின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுபவர்கள்கூட பிரேக் ஆயிலை நிரப்புவதோடு விட்டுவிடுகிறார்கள். லைனிங் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும். எங்காவது கசிந்தாலும் இறங்கும். மேலே ஊற்றி நிரப்பினால் இரண்டு தடயமும் மறைந்துபோகும்.

கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் நுழையும், தொட்டி மூடி வழியாகவும் நுழையும். கடலோரச் சென்னையில் ஈரத்துக்கா குறைவு? டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று இருப்பவை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த தர எண்கள். புத்தம்புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது அதே தரவிதி. டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155.

மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் முன்சக்கர டிஸ்க்கின் சூடு காலிப்பரில் உள்ள ஆயிலுக்கு ஏறும். ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. கொல்லிமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70.

எதை ஊற்றுவது என்பதில் மெக்கானிக்குக் குழப்பமில்லை. தொட்டி மூடியில் போட்டிருப்பதைப் படிப்பார். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5.1ம் அதே வகைதான். ஆனால் டாட் 5 சிலிக்கோன். அதை இவற்றோடு கலக்கவே கூடாது. அவர் அழுத்திச் சொன்னது இன்னொன்று: சீல் உடைத்துப் பல மாதம் கிடந்த பாட்டில் எந்தப் பிராண்டானாலும் வேண்டாம். பிரேக் சாமான்கள் செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் ஆலை சென்னையின் பாடியில்தான் இருக்கிறது.

பின்சக்கர டிரம்மைக் கழற்றியதும் இடதுபக்க வீல் சிலிண்டரின் ரப்பர் ஈரமாக இருந்தது. புது ரப்பர் கிட்டைப் பிரேக் ஆயிலிலேயே நனைத்து மாட்டினார். டீசலோ கிரீஸோ பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகும்.

அதன்பிறகுதான் நான் பார்க்க வந்த வேலை: பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிதை ஏற்றுவது. ஐ.டி.ஐ. படித்த இளைஞர் ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தார் மெக்கானிக். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போய்வராத பகுதி துருவேறிக் கிடக்கும். பெடலை முழுக்க அமுக்கினால் அந்தத் துரு ரப்பரைக் கிழித்துவிடும். எத்தனையோ மாஸ்டர் சிலிண்டர்கள் ஆயில் மாற்றிய மறுநாளே போவது இந்தக் கட்டை வைக்காததால்தான்.

தூரத்துச் சக்கரத்தில் தொடங்கினார்கள். ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூப், அதன் நுனி பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள்.

“அமுக்கு. புடி.”

“புடிச்சிருக்கேண்ணா.”

ஸ்பேனர் கால் சுற்று திரும்ப, தேநீர் நிறத்தில் பழைய ஆயில் ஓடியது. நிப்பிளை இறுக்கிய பிறகே “விடு.” அந்தச் சொல்லுக்கு முன்பே கால் எழுந்தால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. குரலை நம்பித்தான் மொத்த வேலையும். நடுநடுவே தொட்டியில் புது ஆயில் ஊற்ற வேண்டும், காலியாக விடக் கூடாது. பெயின்ட்டில் சிந்திய துளியை அந்த இளைஞர் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினார். பெயின்ட்டை அரிக்கும் அதே ஆயில் அவர்கள் கையிலும் வழிகிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நிப்பிளுக்கு நேரே முகம் வைத்து வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சின்ன ஷெட்டுக்கும் கட்டுப்படியாகும் செலவுதான் அது.

வெள்ளம் தேங்கும் வேளச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் மழைக்காலத்தில் வேலை கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல கார்கள் முழுகின. பானெட் வரை தண்ணீர் ஏறிய வண்டியில் பிரேக் ஆயிலை மாற்றாமல் ரோட்டுக்கு விடுவதில்லை என்றார் மெக்கானிக்.

நான்கு சக்கரமும் முடிந்தபோது டியூபில் குமிழி இல்லை, ஆயில் தெளிந்திருந்தது. பெடல் பாதியிலேயே கெட்டியாக நின்றது. மெக்கானிக் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

“எறங்கும்போது செகண்ட் கியர்லயே வாங்க சார், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க. கோயிலுக்குப் போயிட்டு வந்து வண்டிய ஒருதரம் விடுங்க. பின்னாடி புது ரப்பர் காஞ்சிருக்கான்னு டிரம்மக் கழட்டிப் பாத்துடறேன்.”