பச்சை ஒருபக்கம், ஊதா மறுபக்கம்

ஃபேர்பேங்க்ஸிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 48 கி.மீ. ஸ்டீஸ் நெடுஞ்சாலையை ஒட்டி, பனிக்காட்டு நடுவே போக்கர் பிளாட் ஏவுதளம். அலாஸ்கா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், 1968இல் தொடங்கியது. ராக்கெட்டைப் பார்க்கப் போனால் கண்ணில் படுவது ஒரு நீளமான தெர்மோகோல் பெட்டி! குளிரில் எரிபொருள் கெடாதிருக்க உள்ளே வெப்பக்காற்றை விடுகிறார்கள். கிளம்பும் ராக்கெட் அந்தப் பெட்டியைப் பிய்த்துக்கொண்டுதான் போகுமாம்.

இங்கே ராக்கெட் ஏவுவோரின் கேள்விகளில் ஒன்று: துருவ ஒளிக்குள் எவ்வளவு மின்புலம் இருக்கிறது? ராக்கெட்டிலேயே கருவி வைத்து அளக்கலாமே என்று உடன் வந்த பொறியாளரிடம் கேட்டேன். அளக்கிறார்கள்தான். ஆனால் பூமியின் காந்தப்புலத்தைக் குறுக்காக நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில் கடந்தாலே, கருவியில் மீட்டருக்கு 50 மில்லிவோல்ட் தானாக வந்துவிடும். தேடிப்போன மின்புலமும் பெரும்பாலும் அந்த அளவுதான். இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு.

1960களில் ஜெர்மனியின் ரைமர் லூஸ்ட், கெர்ஹார்ட் ஹேரண்டல் குழுவினர் வேறு வழியில் போனார்கள். பேரியத்தையும் காப்பர் ஆக்சைடையும் குடுவையில் அடைத்து, 200 கி.மீ. உயரத்தில் கொளுத்தினார்கள். பேரியம் ஆவியாகிச் சிதறும். தரையில் இருட்டு, அங்கே இன்னும் வெயில். அந்த வெயில் பட்டு அரை நிமிடத்துக்குள் ஆவியில் பெரும்பகுதி அயனியாகிவிடும். மிச்சம் பச்சையாக ஒளிர்ந்து காற்றின் போக்கில் போகும். அயனிகள் ஊதா நிறத்தில், காந்தப்புலக் கோட்டை ஒட்டி நீண்டு, மின்புலம், காந்தப்புலம் இரண்டுக்கும் செங்குத்தான திசையில் நகரும். வாய்க்காலில் கரைத்த சாயம் நீரோட்டத்தைக் காட்டுகிற மாதிரி. நகரும் வேகத்தைக் காந்தப்புலத்தின் வலிமையால் பெருக்கினால் மின்புலம் கிடைத்துவிடுகிறது. வோல்ட்மீட்டரே இல்லாத இந்தக் கணக்கின் எளிமைதான் என்னை அசத்தியது.

போக்கர் பிளாட்டில், மேட்டின் மேலுள்ள ஆய்வு மையத்தில் கேமராக்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. ஒரே பேரிய மேகத்தை இரண்டு ஊர்களிலிருந்து படமெடுத்து, பின்னணி விண்மீன்களை வைத்து அதன் இடத்தைக் கணிக்கிறார்கள். இப்படிச் சேர்த்த படங்கள் சொன்ன செய்தி: முன்னிரவில் ஊதா மேகம் பெரும்பாலும் மேற்கே போகும், அதாவது மின்புலம் வடக்கு நோக்கி. நள்ளிரவுக்குப் பின் இரண்டுமே தலைகீழ்.

இதற்கெல்லாம் அந்திப்பொழுது வேண்டும், துருவ ஒளி வேண்டும், கேமரா வைத்த ஊர்களில் வானம் தெளிந்திருக்க வேண்டும். இங்கே விண்மீன்கள் தெரிந்தாலும் வடக்கே ஃபோர்ட் யூகானில் மேகமூட்டம் என்றால் அன்றைய ஏவுதல் தள்ளிப்போகலாம்.